நாலாம் எண் இல்லாத பக்கம்

பியானோ தெரியாதவர்கள் பயந்துகொள்ள வேண்டாம். நான் சொல்லப்போவதில் விரல் எண்கள் ஐந்தைத் தாண்டாது. பெருவிரல் ஒன்று, ஆள்காட்டி விரல் இரண்டு, நடுவிரல் மூன்று, மோதிர விரல் நான்கு, சுண்டு விரல் ஐந்து. எந்தக் கட்டையை எந்த விரலால் தொட வேண்டும் என்று இசைப் புத்தகத்தில் சுரங்களுக்கு மேலே பொடி எண்களாகப் போட்டிருப்பார்கள். இதற்கு மேல் உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நம் வயதில் ஆளுக்கொரு பைத்தியம் இருக்கிறது. சிலர் காலியான மாத்திரை அட்டைகளைக்கூடத் தூக்கிப் போடாமல் சேர்க்கிறார்கள். நான் ஒரே பாட்டின் வெவ்வேறு பதிப்புகளைச் சேர்க்கிறேன். பாட்டு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இருநூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரர் எழுதிய சின்ன நடனத் துண்டு அது. ஒரே பக்கம்தான். நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிடம். அதற்கு என் அலமாரியில் ஆறு புத்தகங்கள். "ஒரே பாட்டுதானேம்மா, ஆறு எதுக்கு?" என்று என் மகன் கேட்கிறான். ஆறும் ஒன்றல்ல என்று அவனுக்கு எப்படி விளக்குவது? எனக்கே அது புரிந்தது பதின்மூன்று வயதில், மெர்டேகாவுக்கு, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்ததற்கு, முந்திய சில மாதங்களில்தான்.

அப்போது நாங்கள் மலாக்காவில் காஜா பேராங் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் பலகை வீட்டில் இருந்தோம். அப்பா நில அளவை அலுவலகத்தில் டிரேசர். அளவைக்காரர்கள் வெயிலில் அலைந்து அளந்து, பென்சிலில் போட்டுக் கொண்டுவரும் பிளானின் மேல், அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒரு மெல்லிய துணியை விரித்து, கறுப்பு மையில் மயிரிழை பிசகாமல் நகலெடுப்பது அவர் வேலை. அவர் சட்டைக் கையில் ஒரு நாளும் மை பட்டதில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதைக்கூட ஓரத்திலிருந்து ஓரம் வரை அளவாகத்தான் தடவுவார்.

வீட்டில் பியானோ கிடையாது. கடலோரக் கான்வென்டில் இசை சிஸ்டரிடம் வாரத்துக்கு ஒரு பாடம். மற்ற நாட்களில், அப்பா மிச்சத் துணியில் வரைந்து கொடுத்த கட்டைகளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வாசிப்பேன். கறுப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை எல்லாம் அளவு சரியாக இருக்கும். சத்தம் மட்டும் வராது. அம்மா எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "இன்னிக்கு நல்லா வாசிச்சே. ஒரு தப்பும் கேக்கல" என்பாள்.

சத்தம் வேண்டுமென்றால் இரண்டு சந்து தள்ளி இருந்த என் வகுப்புத் தோழியின் வீட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் மலாக்கா செட்டிகள். சாமி நம் சாமி, விபூதி நம் விபூதி, பேச்சு மட்டும் மலாய். எனக்கும் அவளுக்கும் இடையே எல்லாம் மலாயில்தான் நடக்கும். இங்கே அவளைத் தமிழில் பேசவைக்கிறேன். கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அவள் அம்மாவை நான் மலாயில் அத்தை என்கிற மாதிரி மாச்சிக் என்று கூப்பிடுவேன். கெபாயா சட்டையும் சாரோங்கும் கட்டி, நெற்றியில் விபூதியோடு பெலாச்சான் என்கிற இறால் விழுதை வறுத்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டுப் பியானோவின் கால்கள் கறையானுக்குப் பயந்து மண்ணெண்ணெய் ஊற்றிய தகரக் குவளைகளில் நின்றன. இன்றைக்கும் பியானோ என்றால் எனக்கு முதலில் வருவது பெலாச்சானும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனைதான்.

பியானோவை வாங்கியவர் தோழியின் அப்பா. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போன கூட்டத்தில் அவரும் போனார். திரும்பவில்லை. அவர் படம்கூட வீட்டில் இல்லை. அவர் பேச்சை எடுத்தால் மாச்சிக் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விடுவார். பேசாமல் இருந்தால் பிள்ளைக்கு வலிக்காது என்று நினைத்திருப்பார். அந்தக் காலத்துப் பெரியவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்த வருடம் சீமையிலிருந்து வரப்போகும் தேர்வாளர் முன் நாங்கள் இருவரும் ஒரே துண்டை வாசிக்க வேண்டும் என்று சிஸ்டர் முடிவு செய்தார். எனக்குப் பள்ளியில் புதுப் புத்தகம் கொடுத்தார்கள். தோழி வாங்கவில்லை. பியானோ முக்காலியின் மூடியைத் தூக்கினால் உள்ளே அவள் அப்பாவின் பழைய ஜெர்மன் புத்தகம் இருந்தது. அதே துண்டு அதிலும் இருந்தது.

முதல் சனிக்கிழமை நான் வாசித்தேன். குறுக்குக் கோடுகளால் பிரித்த கட்டங்களில் எட்டாவது வந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏன் அங்கே கத்துகிறாய்?"

"புத்தகத்தில் கத்தச் சொல்லியிருக்கிறது."

"என் புத்தகத்தில் இல்லையே."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என் பக்கத்தில் சீனியைக் கொட்டின இடம் மாதிரி குறிகள் மொய்த்துக் கிடந்தன. இங்கே சத்தமாக, இங்கே மெதுவாக, இதைச் சேர்த்து, இதைத் துண்டாக என்று ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கட்டளை. வளைகோடுகள், புள்ளிகள், விரல் எண்கள். அவள் பக்கம் துடைத்த தரையாக இருந்தது. சுரங்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு வளைகோடுகள், அவ்வளவுதான். விரல் எண்களைக்கூட அச்சில் போடவில்லை. அவள் அப்பாதான் பென்சிலில் போட்டிருந்தார், கொஞ்சம் வலது பக்கமாகச் சாய்ந்த எண்கள்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஆள் எழுதிய ஒரே பாட்டு எப்படி இரண்டாக இருக்கும்? மறு வாரம் அப்பாவின் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு போனேன். வரிவரியாக மட்டத்தை நகர்த்தி, அவள் தன் புத்தகத்தைப் படிக்க, நான் என் புத்தகத்தைப் படிக்க, வித்தியாசங்களைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினோம். நாற்பத்தொன்று வந்தது. அதில் ஒன்று சுரமே வேறு. கடைசிக் கட்டத்தில் என் புத்தகம் இடது கைக்கு ஒரு சுரத்தைக் கூடுதலாகக் கொடுத்திருந்தது. அதைச் சேர்த்தும் விட்டும் மாறி மாறி வாசித்துப் பார்த்தோம். சேர்த்தால் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது, விட்டால் யாரோ இன்னும் வாசலில் நிற்பது போல இருந்தது. எனக்குச் சாத்தினது பிடித்தது. அவளுக்கு மற்றது.

நாற்பத்திரண்டாவது ஒன்றையும் நான்தான் கண்டுபிடித்தேன். அவள் அப்பாவின் பென்சில் எண்களில் வலது கைக்கு ஒரு நாலுகூட இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் தாவி ஐந்து. இடது கையில் நாலு உண்டு. வலது கையில் பக்கம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. அவள் அந்த எண்களைப் பார்த்தே பழகியவள். அதனால் வாசிக்கும்போது அவளுடைய வலது மோதிர விரல் சும்மா மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். வகுப்பில் சிஸ்டர் அந்த விரலைப் பென்சிலால் தட்டி, "இந்தச் சோம்பேறிக்கு வேலை கொடு" என்பார்.

ஏன் நாலு இல்லை? அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் இருக்க முடியவில்லை. என் குணம் அது. மாமியார் வீட்டில்கூட இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பெரியவர்களிடம் கேட்டோம். சிஸ்டர், "பள்ளிப் புத்தகம் சரி. நீங்கள் தடுமாறக்கூடாது என்று ஒரு படித்தவர் உட்கார்ந்து அத்தனையும் போட்டிருக்கிறார்" என்றார். விடை அந்த வாக்கியத்திலேயே இருந்தது. எங்களுக்குத்தான் உறைக்கவில்லை. மாச்சிக்கிடம் கேட்டபோது உரலிலிருந்து கையை எடுக்காமல், "என் சம்பாலும் என் அக்கா சம்பாலும் ஒன்றா? இரண்டையும்தான் சாப்பிடுகிறீர்கள்" என்றார். அதுவும் நல்ல பதில்தான். ஆனால் எனக்கு எது சரி என்று தெரிய வேண்டும். உண்மையைச் சொன்னால், என் புத்தகம்தான் சரி என்று யாராவது சொல்ல வேண்டும்.

அப்பாவிடம் போனேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பியானோவைப் பற்றி அவரால் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று கடைசியில் வந்திருந்தது.

"ரெண்டு பிளான் ஒத்துப்போகலன்னா, ஒண்ணு முடியாத பிளான்னு அர்த்தம்மா. குறி கம்மியா இருக்கே, அதான் முடியாதது."

"எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?"

"எடத்துக்குப் போயி எல்லைக்கல்லத் தேடணும். கல்லு பொய் சொல்லாது. இதுக்குத்தான் கல்லு கெடையாதே. நீ அந்தப் புத்தகத்த வாங்கிட்டு வா, பாக்குறேன்."

தோழி உடனே கொடுத்துவிட்டாள். மாச்சிக் ஒரு பழைய பாத்தேக் துணியில் அதைச் சுற்றி, மழையில் நனைத்துவிடாதே என்று மட்டும் சொன்னார். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அடுத்து நடந்ததை யாரும் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள்.

அந்த மாதங்களில் அப்பாவுக்கு வேறு நினைப்பே இல்லை என்பதையும் நான் சொல்ல வேண்டும். அலுவலகத்து வெள்ளைக்கார துரை, துவான் என்போம், ஊருக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மெர்டேகாவுக்குள் பாதியில் நிற்கும் பிளான் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது உத்தரவு. "நாளைக்கு நம்ம கையில வரப்போவுது. அரைகுறையா வாங்கக்கூடாது லா" என்று அப்பா சோற்றில் கை வைத்துக்கொண்டே சொல்வார். முடியாத பிளானைப் பார்த்தால் அவருக்குக் கை நமைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னலோர மேசையில் தோழியின் புத்தகத்தை விரித்தார். பக்கத்தில் என் புத்தகம். கூர் தீட்டின பேனா, மை, ஒரு ரொட்டி. ரொட்டி சாப்பிட அல்ல. பிளானைத் துப்புரவு செய்ய ரொட்டியின் வெள்ளையைப் பிய்த்து உருட்டித் தேய்ப்பார். ரப்பர் தாளைப் புண்ணாக்கும், ரொட்டி ஆக்காது என்பது அவர் கட்சி. நான் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தேன். முதலில் ஓரத்து அழுக்கு போயிற்று. அப்புறம் அவர் கை சுரங்களின் மேலே நகர்ந்தது.

"ப்பா, பென்சில் நம்பர்..."

"அது அளவைக்காரன் போடற குறிப்பு மாதிரிம்மா. மை ஏறணும்னா பென்சில் போயிடணும்."

அது அவள் அப்பா போட்டது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதற்குள் அவர் முதல் வளைகோட்டை இழுத்துவிட்டார். அச்சில் வந்தது போல அப்படி ஓர் அழகு. என் புத்தகத்தின் நாற்பத்தொரு வித்தியாசங்களும் ஒவ்வொன்றாக அவள் புத்தகத்தில் ஏறின. கூடுதல் சுரமும் ஏறியது. நாலு என்ற எண் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஏறியது. என் புத்தகம் ஜெயித்துக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு ரொட்டி பிய்த்துக் கொடுத்தேன். சாம்பல் நிறமாகிப்போன ரொட்டித் துகள்களை அம்மா முறத்தில் வாங்கிக் கொல்லையில் கொட்டினாள். கோழிகள் ஓடி வந்து பொறுக்கித் தின்றன.

மறுநாள் பள்ளி விட்டதும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன். அவள் துணியைப் பிரித்தாள், பக்கத்தைத் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அப்பா எங்கே?" என்றாள்.

என் அப்பாவைக் கேட்கவில்லை என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்த வீட்டில் அவர் கையால் எழுதியது வேறு எதுவும் கிடையாது. ஒரு கடிதம் இல்லை, கையெழுத்து இல்லை. அந்தச் சாய்ந்த எண்கள்தான் அவளுக்கு அப்பா. நான் அவரைக் கோழிக்குப் போட்டுவிட்டு வந்திருந்தேன். அவள் அழவில்லை. பியானோ மூடியைச் சாத்தினாள். "வீட்டுக்குப் போ" என்றாள். 

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தெரிந்தே சும்மா இருந்ததையும். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்துத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த பேனா. "நீ சின்னப் புள்ள. நான் கேட்டிருக்கணும்" என்றார். அப்புறம், "விடியட்டும். காலை வெயில் வேணும்" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு மாச்சிக் வீட்டு வாசலில் போய் நின்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாளும் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போகாதவர். மாச்சிக்கிடம் மலாயில் மன்னிப்புக் கேட்டார். மாச்சிக், "தாக் அப்பா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். ஆனால் முகம் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

அப்பா புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கிழக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோனார். பக்கத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வெயில் பக்கவாட்டில் படும்படி சாய்த்தார். பென்சில் போனாலும் அது அழுத்தின பள்ளம் தாளில் இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா ஒவ்வொரு கட்டமாகப் படித்தார், நான் கணக்கு நோட்டில் எழுதினேன். "ஒண்ணு. மூணு. அஞ்சு. இது... ரெண்டுதான், எழுது." பாதிப் பக்கம் வரை வந்தது. அதற்குப் பிறகு நின்றுவிட்டது. பல இடங்களில் பள்ளத்தின் மேலேயே அவருடைய மை ஓடியிருந்தது. அப்படி அழகாக ஓடியிருந்தது. அவர் பூதக்கண்ணாடியை இறக்கினார். என் அப்பா கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

இதுவரை எங்கள் பக்கம் திரும்பாமல் இருந்த தோழி எழுந்து போய்ப் பியானோ முன் உட்கார்ந்தாள். எங்களுக்காக இல்லை, கோபத்தில். உங்கள் உதவி எனக்கு வேண்டாம் என்று காட்டுவதற்காகப் புத்தகமே இல்லாமல் அந்தத் துண்டை வாசிக்க ஆரம்பித்தாள். அப்பா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கையைப் பார்த்தார். ஒரு எட்டு வைத்துப் பக்கத்தில் போனார்.

"நில்லும்மா," என்று பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டு, மலாயில் மாற்றிக் கேட்டார். "இந்த இடத்தில் எந்த விரல் வைத்தாய்?"

"மூன்று."

"புத்தகத்தைப் பார்த்துப் பழகியதா?"

"அப்பா போட்டிருந்தார். அப்படித்தான் வைப்பேன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கல்லு இங்க இருக்குதும்மா," என்றார். "நோட்ட எடு."

ஒரு கையை மட்டும், மெதுவாக, கட்டம் கட்டமாக அவளை வாசிக்கச் சொன்னார். அவள் விரலை வைக்க வைக்க, நான் எண்ணை எழுதினேன். முதல் பாதிக்கு வெயிலில் படித்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்றுகூடத் தவறவில்லை. அவளுக்கும் அது ஆச்சரியமாக இருந்தது. கோபத்தை மறந்து, "அடுத்தது, அடுத்தது" என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். நாங்கள் மூன்று பேரும் அந்தப் பியானோவின் மேல் கவிழ்ந்து கிடந்தோம். மாச்சிக் அடுக்களையிலிருந்து வந்து பின்னால் நின்றது யாருக்கும் தெரியவில்லை.

"எதற்கு அந்த விரலைத் தூக்குகிறாய்?" என்று மாச்சிக் கேட்டார்.

தோழி நிறுத்தினாள். வலது மோதிர விரல் வழக்கம்போல மேலே நின்றது.

"புத்தகத்தில் நாலு கிடையாது மாச்சிக்," என்று நான் முந்திக்கொண்டேன். "வலது கையில் ஒன்றுகூட இல்லை. ஏன் என்றுதான் தெரியவில்லை."

மாச்சிக் ஈரக் கையைச் சாரோங்கில் துடைத்துக்கொண்டு வந்து, மகளின் அந்த விரலைப் பிடித்தார். கணுவைத் தடவினார்.

"அவருக்கு இந்த விரல் மடங்காது. சின்ன வயதில் சைக்கிள் சங்கிலியில் மாட்டிக்கொண்டது. கல்யாணத்தன்று மோதிரம் இந்தக் கணுவைத் தாண்டவில்லை. நான் சுண்டு விரலில் போட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்." விரலை விடாமலே சொன்னார். "வாசிக்கும்போது இப்படித்தான் தூக்கிக்கொண்டு நிற்கும். நான் அதைப் பார்த்துப் பதின்மூன்று பதினாலு வருடம் ஆகிறது."

மாச்சிக் தினம் தினம் மகள் வாசிப்பதைக் கேட்டவர்தான். ஆனால் அடுக்களையில் இருந்து கேட்பார். பக்கத்தில் வந்து கையைப் பார்த்தது அன்றைக்குத்தான். என் தோழி தன் விரலையே வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குறையும் இல்லாத விரல். முகம்கூட நினைவில் இல்லாத ஒருவரின் குறையை, அவர் எழுதி வைத்த எண்கள் வழியாக அது கற்றுக்கொண்டுவிட்டது. அன்று மாச்சிக் அடுப்பைப் பார்க்கப் போகவில்லை. உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசினார். ரொட்டியைத் தேநீரில் முக்காமல் சாப்பிட மாட்டார் என்றார். வாசிக்கும்போது வாயால் தாளம் போடுவார் என்றார். அடுப்பில் எதுவோ தீய்ந்த வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்பா சட்டைப் பையிலிருந்து சவர பிளேடை எடுத்து, தன் மையைச் சுரண்டி எடுத்துவிடவா என்று கேட்டார். மாச்சிக் கையை நீட்டித் தடுத்தார். "ஜாங்கான். வேண்டாம். இனி அதில் எதையும் அழிக்காதே." ஆகவே அப்பா தன் மையின் மேலேயே, நாங்கள் எழுதிய எண்களைப் பென்சிலில் போட்டார். கொஞ்சம் வலது பக்கமாகச் சாய்த்துப் போட்டார். மாச்சிக் பார்த்துவிட்டு, "அவர் எழுதினது மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அவர் எழுதினது இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மெர்டேகா வந்தது. ஊரெல்லாம் கொடி. நானும் தோழியும் கூட்டத்தில் கத்திக் கத்தி இரண்டு நாள் குரல் இல்லாமல் திரிந்தோம். துவான் கப்பல் ஏறினார். அப்பாவின் அலுவலகத்தில் ஒரு பிளான்கூட முடியாமல் நிற்கவில்லை. அப்புறம் தேர்வு. தோழி சிஸ்டரிடம் தன் அப்பாவின் விரலைப் பற்றிச் சொல்லியிருந்தாள். சிஸ்டர் யோசித்துவிட்டு, "அப்படியானால் வைத்துக்கொள். மணிக்கட்டை மட்டும் கீழே வை" என்றாராம். இருவரும் தேறினோம். அவளுக்கு என்னைவிட அதிக மதிப்பெண். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பல வருடங்கள் கழித்து, கோலாலம்பூரில் ஆசிரியப் பயிற்சியின்போது ஓர் இசை விரிவுரையாளர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. குறி குறைவாக இருந்த ஜெர்மன் புத்தகம்தான் எழுதியவரின் கைப்பிரதிக்கு நெருக்கமானது. என் புத்தகத்தில் இருந்த குறிகள் எல்லாம் நூறு வருடங்களுக்குப் பிறகு யாரோ ஒரு பதிப்பாசிரியர் தன் விருப்பத்துக்குச் சேர்த்தவை. விடுமுறையில் வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார்.

"அப்ப அதான் ஒரிஜினலா?"

"ஆமாப்பா."

"ஒரிஜினல்ல கை வெச்சா ஆபிஸ்ல வேலையே போயிடும்," என்றார். கையிலிருந்த வெற்றிலையைச் சுண்ணாம்பு தடவாமலே மடித்தார். நான் இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அம்மாதான், "அந்தப் புள்ள விரல யாரு கண்டுபிடிச்சா? நீங்கதானே" என்றாள்.

தோழி கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனாள். குவளைகளில் மண்ணெண்ணெய் ஊற்ற ஆளில்லாமல் பியானோவைக் கறையான் தின்றது. அந்தப் புத்தகம் அவளோடு போய், நாலைந்து வீடு மாறியதில் எங்கேயோ தொலைந்தது. என்னிடம் அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று.  அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா வரைந்த துணிக் கட்டைகளும் இல்லை. கணக்கு நோட்டின் அந்த இரண்டு தாள்கள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் நாற்பத்தொரு வித்தியாசங்கள், மற்றதில் வெயிலிலிருந்தும் ஒரு பெண்ணின் கையிலிருந்தும் எடுத்த எண்கள்.

சென்ற மழைக்காலத்தில் என் வலது மோதிர விரல் மடங்க மறுத்துவிட்டது. கணு வீங்கி, மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். வயசானால் வருவதுதான் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து பியானோ முன் உட்கார்ந்து ஆறு புத்தகங்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். பெரிய பெரிய பேராசிரியர்கள் விரல் எண் போட்ட புத்தகங்கள். ஆறிலும் நாலு இருந்தது. மூன்றாவது கட்டத்தைத் தாண்ட முடியவில்லை.

அலமாரியின் அடித்தட்டிலிருந்து கணக்கு நோட்டுத் தாளை எடுத்து வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, தாவி ஐந்து. வீங்கின விரலைத் தூக்கிக்கொண்டு கடைசிக் கட்டம் வரை போய்விட்டேன். கூடுதல் சுரத்தை விட்டுவிட்டேன், அவளுக்குப் பிடித்தபடி.

என் மகன் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "நல்லா இருக்கேம்மா. இது எந்தப் புத்தகம்?" என்றான்.

"ஏழாவது," என்றேன்.